கால்சிஃபைலாக்சிஸ் நோயும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கான மருந்தளவும்

கால்சிஃபைலாக்சிஸ் என்பது தோலிலும் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பிலும் ஓடும் மிகச் சிறிய தமனிகளின் சுவரில் கால்சியம் படிந்து, அவை அடைபட்டு, இரத்த ஓட்டம் இல்லாமல் அப்பகுதித் தோல் கருகி அழுகும் ஓர் அரிய நோயாகும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. தாங்க முடியாத வலி, எளிதில் ஆறாத புண், அப்புண் வழியாக இரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று ஆகியவை இதன் முக்கிய விளைவுகள். நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் பாதி நோயாளிகளோ அதற்கு மேலோ இறந்துவிடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

இந்நோய்க்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் மருந்து சோடியம் தையோசல்பேட். இதன் அளவு பாடநூல்களில் "25 கிராம், வாரம் மூன்று முறை" என்று ஒரே வரியில் சொல்லப்படுவதுண்டு. 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கான அளவு அது. தமிழ்நாட்டில் பல நோயாளிகளுக்கு இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்றோ இரண்டுமோ பொருந்துவதில்லை. ஆகவே அந்த எண் எதன் அடிப்படையில் அமைந்தது, எங்கே மாற்றப்பட வேண்டும் என்பதை அறிவது அவசியமாகிறது. இங்கே தரப்படும் அளவுகள் நோயைப் புரிந்துகொள்வதற்கானவை. ஒரு தனி நோயாளிக்கான அளவைச் சிறுநீரகவியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெயரும் வரலாறும்

சிறுநீரகம் கெட்டவர்களின் தோலில் இரத்தக்குழாய்களில் கால்சியம் படிவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர்களால் குறிக்கப்பட்டிருக்கிறது. 'கால்சிஃபைலாக்சிஸ்' என்ற பெயரை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. மன அழுத்தம் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்பட்டவர் இவர்.

செல்யே எலிகளுக்கு முதலில் வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் போன்றவற்றைக் கொடுத்து அவற்றின் உடலைக் கால்சியப் படிவுக்கு ஆயத்தமாக்கினார். பிறகு தோலில் ஒரு காயத்தையோ, இரும்பு உப்பு போன்ற ஒரு தூண்டுபொருளையோ ஏற்படுத்தினார். அந்த இடத்தில் கால்சியம் விரைந்து படிந்தது. 'முதலில் ஆயத்தநிலை, பிறகு தூண்டுதல்' என்ற இந்த இருபடிக் கருத்திலிருந்தே பெயர் பிறந்தது. மனிதருக்கு வரும் நோய் எலிகளில் கண்டதிலிருந்து சில வகைகளில் வேறுபடுகிறது. மனிதரில் கால்சியம் படிவது முதன்மையாக நுண்தமனிகளின் சுவரில். ஆயினும் இருபடிக் கருத்து நோயை விளங்கிக்கொள்ள இன்றும் உதவுகிறது.

நோயின் பரவல்

இது அரிய நோய். அமெரிக்காவில் இரத்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் செய்யப்பட்ட கணிப்பு, ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 35 பேருக்கு இந்நோய் வருவதாகக் காட்டியது. ஜெர்மனியில் 10,000 பேருக்குச் சுமார் 4 பேர். ஜப்பானில் அதைவிடவும் குறைவு. இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவ இதழ்க் குறிப்புகள் வழியாகவே பேசப்படுகிறது.

பெண்கள், உடல்பருமன் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளிகள், இரத்தத்தில் கால்சியமோ பாஸ்பரசோ மிகுந்தவர்கள், அல்புமின் குறைந்தவர்கள், நெடுங்காலம் டயாலிசிஸில் இருப்பவர்கள், வார்ஃபரின் வகை இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கும் இது மிக அரிதாக வருவதுண்டு.

நோய் உருவாகும் விதம்

நல்ல சிறுநீரகம் உணவிலிருந்து வரும் பாஸ்பரசின் மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் இரத்தத்தில் தங்குகிறது. வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதும் குறைகிறது. இதை ஈடுகட்டப் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. எலும்பிலிருந்து கால்சியமும் பாஸ்பரசும் இரத்தத்துக்கு இழுக்கப்படுகின்றன. அதோடு மருந்தாகக் கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரைகளும் கால்சிட்ரையாலும் சேரும்போது, இரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிய ஏற்ற சூழல் உருவாகிறது.

அப்படிப் படியாமல் தடுக்க உடலில் சில காவல் புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம். இது வேலை செய்ய வைட்டமின் கே தேவை. வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற மாத்திரைகள் வைட்டமின் கேயின் செயலைத் தடுத்தே இரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. அதே செயல் இந்தக் காவல் புரதத்தையும் முடக்கிவிடுகிறது. வால்வு நோய்க்காகவோ சீரற்ற இதயத்துடிப்புக்காகவோ இம்மாத்திரைகளை உட்கொள்ளும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆபத்து கூடுவதன் காரணம் இதுவே.

கால்சியம் படிந்து குறுகிய நுண்தமனியில் இறுதியாக ஓர் இரத்தக்கட்டி உருவாகி வழியை முற்றிலும் அடைக்கிறது. கொழுப்புத் திசுவுக்கு இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு. எனவே அடைப்பின் விளைவு அங்கேதான் முதலில் தெரிகிறது.

அறிகுறிகளும் சர்க்கரைப் புண்ணுடன் குழப்பமும்

தொடக்கத்தில் தோலில் வலைப்பின்னல் போன்ற ஊதாநிறத் தடங்கள் தோன்றலாம். தொட்டால் கல் போன்ற கட்டிகள் தட்டுப்படும். அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ அவ்விடம் கறுத்து, பொருக்குத் தட்டி, ஆழமான புண்ணாகிறது. அடிவயிறு, தொடை, பிட்டம், மார்பகம் போன்ற கொழுப்பு மிகுந்த இடங்களில் பெரும்பாலும் வருகிறது. கெண்டைக்கால், பாதம், விரல்களிலும் வரலாம். புண் தோன்றும் முன்பே வலி தொடங்கிவிடுவதும், கண்ணுக்குத் தெரியும் காயத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு வலி கடுமையாக இருப்பதும் இந்நோயின் தனி அடையாளம்.

டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு நீரிழிவும் இருப்பதால், காலில் வரும் இப்புண் 'சர்க்கரைப் புண்' என்று கருதப்பட்டு நாட்கள் வீணாவதுண்டு. இரண்டையும் வேறுபடுத்தச் சில குறிப்புகள் உதவும். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்கால், விரல் நுனி போன்று அழுத்தம் படும் இடங்களில் வருகிறது. நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் வலி குறைவாகவே இருக்கும். கால்சிஃபைலாக்சிஸ் புண்ணில் வலி மிகக் கடுமை. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தும் தோல் கறுப்பதுண்டு. தொடையிலோ வயிற்றிலோ காரணமின்றி வலியுள்ள கறுப்புத் தடம் தோன்றினால் இந்நோயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே நோயை உறுதிசெய்யும் வழி. ஆனால் எடுத்த இடமே புதிய புண்ணாகிவிடலாம். அதனால் அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது திசு ஆய்வு இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்களும் உள்ளனர்.

சோடியம் தையோசல்பேட்

இது புதிய மருந்தன்று. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் காலத்தில் புகைப்படக்காரர்கள் படத்தை நிலைநிறுத்த 'ஹைப்போ' என்ற பெயரில் பயன்படுத்திய அதே வேதிப்பொருள்தான். மருத்துவத்தில் சயனைடு நஞ்சுக்கு முறிவாக நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. கால்சிஃபைலாக்சிஸ் நோயாளி ஒருவருக்கு இது பலன் தந்ததாக 2004இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. அதன்பின் உலகெங்கும் இந்நோய்க்கு இதைக் கொடுக்கத் தொடங்கினர். ஆனால் கால்சிஃபைலாக்சிஸுக்கென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்ததில்லை. வேறு நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்தை மருத்துவர் தம் பொறுப்பில் இதற்குப் பயன்படுத்துகிறார்.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. படிந்த கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது என்பது தொடக்க கால விளக்கம். தையோசல்பேட்டுக்கும் கால்சியத்துக்கும் இடையிலான பிணைப்பு வலுவற்றது என்று காட்டி, அவ்விளக்கத்தைச் சிலர் மறுத்துள்ளனர். இரத்தக்குழாயை விரிவடையச் செய்வதும், ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுப்பதும் காரணமாக இருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. கால்சியம் கரைவதற்கு வெகு முன்பே சில நோயாளிகளுக்கு வலி குறைவது இக்கருத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது.

வழக்கமான மருந்தளவு

இரத்த டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு பின்வருமாறு:

எடை 60 கிலோவும் அதற்கு மேலும்: ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் 25 கிராம், சிரை வழியாக.
எடை 60 கிலோவுக்குக் கீழ்: ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் 12.5 கிராம், சிரை வழியாக.
ஏற்றும் நேரம்: டயாலிசிஸின் கடைசி 30 முதல் 60 நிமிடங்கள்.
முறை: வாரம் மூன்று டயாலிசிஸ், மூன்றிலும் மருந்து.

வாந்தியும் இரத்த அழுத்தக் குறைவும் வராமலிருக்க, எடை அதிகமுள்ளவர்களுக்கும் முதல் சில முறை 12.5 கிராமில் தொடங்கிப் பிறகு 25 கிராமுக்கு உயர்த்துவதுண்டு. வலி குறைந்தால் முதல் சில வாரங்களில் தெரியும். புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை மருந்து தொடரப்படுகிறது.

மருந்து ஏன் டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில்?

தையோசல்பேட் மிகச் சிறிய மூலக்கூறு. நல்ல சிறுநீரகம் இதை விரைவில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் இல்லாத நிலையில் டயாலிசிஸ் வடிகட்டியே இதை வெளியேற்றும் முக்கிய வழி. டயாலிசிஸ் தொடங்கும்போதே மருந்தை ஏற்றினால், நான்கு மணி நேர ஓட்டத்தில் பெரும்பகுதி வடிகட்டி வழியாகப் போய்விடும். டயாலிசிஸ் முடிந்த பிறகு ஏற்றினால் முழு மருந்தும் உடலில் தங்கும்; அதனுடன் வரும் சோடியமும் அமிலத்தன்மையும் அடுத்த டயாலிசிஸ் வரை தங்கும். கடைசி மணி நேரம் இவ்விரண்டுக்கும் நடுவான தேர்வு. செவிலியர் அருகிலேயே இருந்து இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும் அது வசதி.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரே 25 கிராம், ஏற்றும் நேரம் மாறினால் உடலுக்குள் வேறு அளவாகிவிடுகிறது. வேறொரு மையத்துக்கு மாறும் நோயாளியின் குறிப்பேட்டில் மருந்தளவை மட்டும் எழுதாமல், டயாலிசிஸின் எந்த நேரத்தில் எத்தனை நிமிடங்களில் ஏற்றப்பட்டது என்பதையும் எழுதுவது இதனாலேயே முக்கியம்.

உப்புச் சுமை

25 கிராம் சோடியம் தையோசல்பேட் படிகத்தில் சுமார் 4.6 கிராம் சோடியம் உள்ளது. இது ஏறத்தாழ 12 கிராம் சமையல் உப்பில் உள்ள சோடியத்துக்குச் சமம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது இரண்டு நாள் உப்புக்கும் மேலான அளவு ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் நேரடியாகச் சேர்கிறது. அது முழுவதும் உடலில் தங்கினால், ஏறக்குறைய 1.4 லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும்.

நோயாளி இதைத் தாகமாக உணர்வார். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் அடுத்த டயாலிசிஸுக்குள் எடை கூடி, மூச்சுத்திணறல் வரலாம். எடை குறைவானவருக்கு இதே சுமை இன்னும் பெரிது. 45 கிலோ எடையுள்ளவருக்கு 25 கிராம் கொடுக்காமல் 12.5 கிராம் கொடுப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று கணக்கிடும்போது மருந்தின் நீரையும் சோடியத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குப்பியில் உள்ள அளவு

25 விழுக்காட்டுக் கரைசல் என்றால் 100 மி.லி.யில் 25 கிராம். அப்போது 12.5 கிராமுக்கு 50 மி.லி. வேண்டும். குப்பி 10 மி.லி. அளவுடையதாக இருந்தால் அதில் 2.5 கிராம்தான் இருக்கும். 25 கிராமுக்குப் பத்துக் குப்பிகள் தேவை. கரைசல் 50 விழுக்காடாக இருந்தால் அதே கொள்ளளவில் இரட்டிப்பு மருந்து இருக்கும். எனவே மருந்துச் சீட்டில் 'இத்தனை குப்பி' என்று எழுதாமல் கிராமில் எழுதுவதே பாதுகாப்பு.

மற்றொரு நுட்பமும் உண்டு. வழக்கமான ஊசிமருந்தில் உள்ளது ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிக வடிவம். நீரற்ற வடிவத்தின் எடையில் கணக்கிட்ட மருந்தும் உண்டு. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் குழந்தைகளின் செவித்திறனைப் பாதிக்காமலிருக்க அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் பெற்ற தையோசல்பேட் மருந்து இவ்வகையைச் சேர்ந்தது. படிக வடிவில் 25 கிராம் என்பது நீரற்ற வடிவில் சுமார் 16 கிராமுக்குச் சமம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே கிராம் கணக்கில் கொடுக்கக் கூடாது.

பக்கவிளைவுகளும் கண்காணிப்பும்

குமட்டலும் வாந்தியும் மிக அதிகம். மெதுவாக ஏற்றினால் குறையும். வாந்திக்குக் கொடுக்கப்படும் ஒண்டான்செட்ரான் இதயத்தின் கியூடி இடைவெளியை நீட்டக்கூடியது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தாலும் அதே இடைவெளி நீளும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் ஆபத்தான இதயத்துடிப்பு மாற்றம் வரலாம் என்பதால் ஈசிஜி பார்ப்பது நல்லது.

இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது மற்றொரு முக்கிய விளைவு. டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்த இரத்தத்தில் பைகார்பனேட் அளவு தொடர்ந்து குறைந்துவந்தால், டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட்டைக் கூட்டுவது, மருந்தளவைக் குறைப்பது ஆகியவை செய்யப்படுகின்றன. இரத்த அழுத்தம் குறைதல், கால்சியம் குறைதல், உடலில் நீர் கோத்தல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

வாரம் இரு முறை டயாலிசிஸ் செய்பவர்கள்

இந்தியாவில் டயாலிசிஸ் 1961இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் ஆகியவற்றால் இச்சிகிச்சை மாவட்ட அளவிலும் கிடைக்கிறது. இருந்தும் வாரம் மூன்று முறை என்பது பலருக்கு எட்டாததாகவே உள்ளது. கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம் போன்ற சிறிய ஊரில் வசிப்பவர் ஒருவருக்கு ஒரு டயாலிசிஸ் என்பது இயந்திரத்தில் நான்கு மணி நேரம் மட்டுமன்று. நகரத்துக்குப் போய்வர ஒரு முழு நாள், கூடவே வருபவரின் ஒரு நாள் கூலி, பேருந்து அல்லது ஆட்டோ செலவு ஆகியவையும் அதில் அடங்கும். இதனால் வாரம் இரு முறையுடன் நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய உள்ளனர்.

60 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவருக்கு வழக்கமான முறையில் வாரத்துக்கு 75 கிராம் மருந்து சேர்கிறது. வாரம் இரு முறை மட்டும் வந்தால் 50 கிராம். 60 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 37.5 கிராமுக்குப் பதில் 25 கிராம். விடுபட்ட பங்கை ஈடுகட்ட ஒரே முறையில் ஒன்றரை மடங்கு கொடுத்துவிடலாம் என்று தோன்றலாம். அது தவறு. உப்பு, அமிலம், வாந்தி ஆகிய அனைத்தும் ஒரு முறை ஏற்றும் அளவைப் பொறுத்தே வருகின்றன. மேலும் வாரம் இரு முறை வருபவருக்கு இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையே மூன்று நான்கு நாள் இடைவெளி இருப்பதால், மருந்தும் சோடியமும் உடலில் தங்கும் காலமும் நீளம்.

டயாலிசிஸை வாரம் மூன்றாகவோ அதற்கு மேலாகவோ கூட்டுவதே சரியான தீர்வு. பாஸ்பரசைக் குறைக்க அதுவே சிறந்த வழி என்பதால், டயாலிசிஸைக் கூட்டுவது இந்நோய்க்கான சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. ஆகவே இந்நோய் உறுதியானால், மருந்தைத் தேடுவதற்கு இணையாக, மூன்றாவது நாள் டயாலிசிஸுக்கு வழிசெய்வதிலும் குடும்பமும் மருத்துவமனையும் கவனம் செலுத்த வேண்டும்.

வயிற்று வழி டயாலிசிஸ்

வயிற்றறையில் திரவத்தை நிரப்பி வடிக்கும் டயாலிசிஸ் முறையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. இம்முறையில் மருந்தை விரைவாக வெளியேற்றும் தனி 'அமர்வு' கிடையாது. எனவே சிரை வழியாகத் தையோசல்பேட் கொடுக்கும்போது குறைந்த அளவில் தொடங்கி, அமிலத்தன்மையையும் உடல் எடையையும் அடிக்கடி பார்க்க வேண்டியுள்ளது. மருந்தை வயிற்றுத் திரவப் பையிலேயே கலந்து கொடுத்தபோது வயிற்றறைச் சவ்வில் வேதிப்பொருளால் அழற்சி ஏற்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. ஆகவே அவ்வழி தவிர்க்கப்படுகிறது. சில நோயாளிகள் தற்காலிகமாக இரத்த டயாலிசிஸுக்கு மாற்றப்படுகின்றனர்.

உடன் மாற்ற வேண்டிய பிற மருந்துகள்

தையோசல்பேட்டை மட்டும் கொடுத்துவிட்டு நோயைத் தூண்டும் மருந்துகளைத் தொடர்ந்தால் பயன் குறையும்.

கால்சியமும் வைட்டமின் டியும்: கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிட்டேட் மாத்திரைகள் நிறுத்தப்பட்டு, கால்சியம் இல்லாத செவலமர் போன்றவை உணவுடன் கொடுக்கப்படுகின்றன. கால்சிட்ரையால் நிறுத்தப்படுகிறது. டயாலிசிஸ் திரவத்தின் கால்சியமும் குறைக்கப்படலாம். இரத்தக் கால்சியத்தைப் படிக்கும்போது அல்புமினையும் பார்க்க வேண்டும். கால்சியம் 8.4 மி.கி., அல்புமின் 2.5 கிராம் என்று வந்தால், வழக்கமான வாய்பாட்டின்படி திருத்தப்பட்ட கால்சியம் 9.6 மி.கி. ஆகும். அல்புமினைப் பார்க்காமல் 'கால்சியம் குறைவு' என்று கருதி மாத்திரை கொடுப்பது நோயை வளர்க்கும்.

பாராதைராய்டு: ஹார்மோன் மிகுந்திருந்தால் சினகால்செட் நாளொன்றுக்கு 30 மி.கி.யில் தொடங்கி, கால்சியத்தைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. தையோசல்பேட்டும் கால்சியத்தைக் குறைக்கக்கூடியது என்பதால் இரண்டும் சேரும்போது கூடுதல் கவனம் தேவை. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்குச் சுரப்பியை அறுவைசிகிச்சையால் நீக்குவதுண்டு. ஹார்மோன் ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கு இவை பொருந்தா.

வார்ஃபரின் வகை: இயன்றவரை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றப்படுகிறது. ஆனால் இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் இதைத் தாமாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து உயிர் போகலாம். புதிய வகை மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஏற்றவையல்ல. இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

வலி மருந்து: மார்ஃபினின் சிதைபொருட்கள் சிறுநீரகம் இல்லாதவர்களின் உடலில் தேங்கி, மயக்கத்தையும் தசை வெட்டியிழுப்பதையும் உண்டாக்கும். எனவே ஃபென்டானில் போன்றவை விரும்பப்படுகின்றன. நரம்பு வலிக்கான கபாபென்டின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறிய அளவில், டயாலிசிஸ் நாட்களில் அது முடிந்த பிறகு கொடுக்கப்படுகிறது.

புண் பராமரிப்பு: இறப்புக்கு முக்கியக் காரணம் கிருமித்தொற்று. ஆகவே முறையாகக் கட்டு மாற்றுவதும், தொற்று தெரிந்தவுடன் ஆன்டிபயாடிக் தொடங்குவதும் மருந்தளவுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. இன்சுலின், ஹெபாரின் ஊசிகளைப் புண்ணுள்ள பகுதியில் போடக் கூடாது. செல்யே சொன்ன 'தூண்டுதல்' இத்தகைய சிறு காயமாகவும் இருக்கலாம்.

சான்றுகளின் உறுதி

இருபது ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டாலும் சோடியம் தையோசல்பேட்டின் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை. 25 கிராம் என்ற அளவும் ஒப்பீட்டு ஆய்வுகளால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. தொடக்க கால நோயாளிகளுக்குக் கொடுத்த அளவே வழக்கமாகிவிட்டது. தனித்தனி நோயாளிகள் குணமடைந்த செய்திகள் பல வெளியாகியுள்ளன. குணமடையாதவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் அவற்றைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வர இயலாது. 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 19 ஆய்வுகளில் இடம்பெற்ற 422 நோயாளிகளை ஒப்பிட்டது. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே புண் ஆறுவதிலோ உயிர் பிழைப்பதிலோ தெளிவான வேறுபாடு அதில் காணப்படவில்லை. ஆனால் அவ்வாய்வுகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. நோய் முற்றியவர்களுக்கே மருந்து அதிகம் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

எஸ்என்எஃப் 472 என்ற புதிய மருந்தைக் கொண்டு 71 நோயாளிகளிடம் நடந்த குலுக்கல் முறை ஆய்வும், புண் ஆறுவதிலும் வலி குறைவதிலும் வெற்று மருந்தைவிட மேலான பலனைக் காட்டவில்லை. இரு பிரிவினருக்கும் புண் ஓரளவு ஆறியது. நல்ல கவனிப்பே பலன் தருகிறது என்பதற்கு இது ஒரு சான்று. தடுப்பில் சற்று நம்பிக்கையான செய்தி உண்டு. 3,883 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஈவால்வ் ஆய்வில், சினகால்செட் பெற்றவர்களில் 6 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 18 பேருக்கும் கால்சிஃபைலாக்சிஸ் வந்தது. வைட்டமின் கே கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

எனவே தையோசல்பேட் கிடைக்கவில்லை என்றாலும், வாங்க இயலவில்லை என்றாலும், சிகிச்சையே இல்லை என்று பொருளன்று. தூண்டும் மருந்துகளை நிறுத்துதல், டயாலிசிஸைக் கூட்டுதல், பாஸ்பரசைக் கட்டுப்படுத்துதல், வலியைத் தணித்தல், புண்ணைக் காத்தல் ஆகிய அனைத்தும் மாவட்ட அளவிலேயே தொடங்கக்கூடியவை.

நோயாளிகளும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

வயிறு, தொடை, பிட்டம், கால் ஆகியவற்றில் வலியுடன் கூடிய கட்டியோ ஊதா, கறுப்புத் தடமோ தெரிந்தால், புண்ணாகும் வரை காத்திராமல் அடுத்த டயாலிசிஸின்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்வது நல்லது. கால்சியம் மாத்திரையும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியவையாக இருக்கக்கூடும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. தாமாகத் தொடங்கவும் கூடாது. தையோசல்பேட் ஏற்றும் நாட்களில் தாகம் எடுத்தாலும், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் எத்தனை கிராம், டயாலிசிஸின் எந்த மணி நேரத்தில் ஏற்றப்பட்டது, அன்றைய எடை எவ்வளவு என்ற மூன்றையும் டயாலிசிஸ் நோட்டில் எழுதி வைத்தால், அடுத்து வரும் மருத்துவரும் செவிலியரும் அளவைச் சரியாக முடிவு செய்ய அது உதவும்.